காப்பு கட்டிய ஊரும் கழிமுகத்து ஓதமும்

நெல்லிவாசல் நாட்டு மலைக்கிராமத்தில் பிறந்த பெண் பாய்மரப் படகு ஓட்டுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிவசங்கரிக்கு அந்தச் சிரிப்பே ஆகாது. "மலையில ஏதும்மா கடலு?" என்று கேட்டவர்களை அவள் ஒரு முறை முறைப்பாள். திருப்பத்தூர்க் கல்லூரியில் சேர்ந்த வருஷம் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இடம் காலியாக இருந்தது. மற்ற பெண்கள் நீச்சலுக்குப் பயந்து ஒதுங்கினார்கள், இவள் போய் நின்றாள். அவ்வளவுதான் கதை. முகாமில் பாய் கட்டிய சின்னப் படகில் ஏற்றிவிட்டார்கள். காற்று பிடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட இருந்தவர்கள் ஐயோ அப்பா என்று கத்த, இவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அதன்பிறகு மலையால் அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. சென்னைக்கு வடக்கே ஒரு படகு கிளப்பில் பாய் மடிக்கிற வேலையில் சேர்ந்தாள், பிறகு கற்றுக்கொடுக்கிற வேலைக்கு வந்தாள். அங்கேதான் ஜெனிலா கிடைத்தாள். ஜெனிலாவுக்கும் இதே மலையின் அடிவாரம்தான் ஊர். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஓட்டைப் பாய்மரப் படகை வாங்கினார்கள். பாய்மரம் நட்டு, பாய் தைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். சோறு போட்டது அந்தப் படகுதான்.

போன தை மாதம் அடிப்பலகை பழுது பார்க்கப் படகைக் காயலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். காயல் என்றால் கடலோரத்து உப்புநீர் ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு வாய், கழிமுகம். மழைத் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் அந்த வாய் ஆழமாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கடல் மணலைத் தள்ளித் தள்ளி அதை மூடிக்கொண்டே வரும். பழுது வேலை இழுத்துக்கொண்டு சித்திரைவரை வந்துவிட்டது. இப்போது வற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கிக் கிடக்கிற நேரத்தில், கழிமுகத்து வாய்க்கால் முழங்காலளவுதான். படகுக்கு அடியில் நாலடி ஆழத்துக்குக் கீல் தொங்குகிறது. கவிழாமல் பிடிக்கிற இரும்புப் பலகை அது, மடக்கவும் முடியாது. சித்திரை அமாவாசையை ஒட்டி ஓதம், அதாவது கடலேற்றம், நன்றாக ஏறும். அன்றைக்கு விட்டால் வெளியே போகலாம். தவறினால் ஐப்பசி மழைவரைக்கும் படகு சேற்றில் கிடந்து அழுக வேண்டியதுதான், இவர்கள் இரண்டு பேரும் வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பி சுரேஷ் போன் போட்டான். "அம்மாவுக்கு ஒடம்பு முடியலக்கா. ஒன்னத்தான் கேட்டுக்கினே கீது. வந்து பாத்துட்டுப் போ."

பதறியடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறினாள். அம்மா குப்பம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் சுத்தியலோடு, புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும், "இன்னாடி திடீர்னு?" என்றாள்.

சிவசங்கரிக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் மேளம் அடித்தபோதுதான் புரிந்தது. ஊரைக் கூட்டி வைத்துப் பூசாரி காப்பு கட்டினார். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊரில் இருக்கிற யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஊருக்கு ஆகாது என்பது கட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுவதாகத்தான் இருந்ததாம். மைக் செட்டுக்காரனுக்கு வேறு ஊர் வேலை வந்துவிட்டதால் அமாவாசைக்கே முன்னே இழுத்துவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டேதான் சுரேஷ் அவளை வரவழைத்திருந்தான்.

"போன வருசம் நீ காப்புக்கு வர்ல. போர்ல தண்ணி நின்னுபோச்சு, கன்னுக்குட்டி செத்துச்சு. ஊர்ல எல்லாரும் இன்னா சொன்னாங்க தெரியுமா? பொறந்த பொண்ணு வந்து நிக்காத வூடுன்னு சொன்னாங்க. இந்த வருசம் கரகம் நான் எடுக்கறேன்க்கா. நீ இருந்துதான் ஆவணும்."

"அதுக்கு அம்மாவ சாவக் கெடக்குதுன்னு சொல்லுவியாடா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"என்ன நோயாளி ஆக்கிட்டியேடா பாவி!" என்று குப்பம்மாளும் சேர்ந்துகொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான், ஆனால் பிடியை விடவில்லை. குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்கச் சிவசங்கரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்துப் பேசுகிறவனைத் திட்டலாம், இப்படி நிற்கிறவனை என்ன செய்வது?

ஊரில் போனுக்குச் சிக்னல் கோடு விழுவது தண்ணீர்த் தொட்டி மேடையில்தான். அங்கே ஏறி நின்று ஜெனிலாவோடு கணக்கைப் போட்டாள். போட்டது பேச்சாக இல்லை, சண்டையாகத்தான் கேட்டிருக்கும். அமாவாசை ஞாயிறு, ஆனால் தண்ணீர் மிக உயர ஏறுவது ரெண்டு நாள் கழித்து, செவ்வாய்க் காலையில். உச்சி ஏற்றம் ஒன்பதே முக்காலுக்கு.

"அப்ப ஒம்போதே முக்காலுக்குக் கௌம்பணுமா?" என்றாள் ஜெனிலா.

"லூசாடி நீ? உச்சியில போய்த் தரை தட்டுனா அப்புறம் தண்ணி எறங்கத்தான் செய்யும். அடுத்த நாளு அவ்ளோ ஏறாது. அங்கியே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். எட்டர மணிக்கே வாய்க்கால்ல இருக்கணும். தண்ணி அப்பவும் ஏறிக்கினு இருக்கும். தட்டுனாலும் கொஞ்ச நேரத்துல அதுவே தூக்கிவுடும். கரைக்காத்து மேற்கால இருந்து தள்ளிக்கினு இருக்கும், பாயிலயே போய்டலாம். பத்து மணிக்கு மேல காத்து கடல்ல இருந்து திரும்பிடும். மூஞ்சில அடிக்கும், வாயில அலை எழும்பும். அப்ப நம்ம படகு நிக்காது."

அடுத்த நாள் தண்ணீரும் பிந்தும், காற்று அதற்கு முன்னால் திரும்பிவிடும். ஆக, செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். ஜெனிலாவும் அவள் புருஷன் பிரவின்ராஜும் வற்றத்தில் இறங்கி நடந்து, ஆழமான தடத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுவிட்டார்கள். சவுக்குத் தோப்பு எதிரில் தடம் இடப்பக்கம் வளைகிறது, அங்கேதான் ஆபத்து. உச்சி ஏற்றத்திலும் கீலுக்கு அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிஞ்சும். எல்லாவற்றையும் சிவசங்கரி கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள்.

"நான் வந்துருவேன். நான் வராம கயித்த அவுக்காத."

"நீ எப்படிக்கா வருவ? காப்பு கட்டிட்டாங்கன்ற."

"ராத்தங்கக் கூடாதுன்னுதானே கட்டு? நான் எங்கியும் தங்க மாட்டேன். தலைய சாய்க்க மாட்டேன். முழிச்சிக்கினே வந்து, முழிச்சிக்கினே திரும்பிடறேன். எவன் இன்னா கேக்கறான்னு பாக்கறேன்."

இதையே வந்து சுரேஷிடமும் சொன்னாள். அவன் எதிர்பார்க்கவே இல்லை. "இது இன்னாக்கா நாயம்?" என்று முனகினான். "நீ அம்மாவ படுக்கையில போட்ட நாயத்த விட இது நல்ல நாயந்தான்" என்றாள்.

திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனாள். தண்ணீருக்குக் கணக்கு, காற்றுக்குக் கணக்கு, பஸ்ஸுக்குக் கணக்கு, எல்லாம் போட்டு வைத்திருந்தவள், ஒரே ஒரு கணக்கைக் கோட்டைவிட்டாள். அதுவும் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள்! ஷேர் ஜீப் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். காப்பு கட்டிய ஊரில் ஆள் எப்படி நிரம்பும்? மாதையனின் ஜீப் காலியாக நின்றது. மாதையன் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"எவன் எறங்குவான்மா இன்னைக்கி? மலைக்கு மேல இருக்கற ஊரு ஆளுங்க யாராச்சும் வந்தா பாக்கலாம். குந்து."

குந்தினாள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. "முழு வண்டிக்கும் நானே வாடகை தர்றேன், எடுங்க" என்றாள்.

மாதையன் எழுந்து உட்கார்ந்தான். "வாடகை ஆர்க்கு வேணும்? காப்பு கட்டுன ஊர்ல இருந்து பொழுதுக்குள்ள திரும்பாத பொண்ண நான் ஏத்திக்கினு போவேன். நாளைக்கு இந்த வண்டி வளைவுல குடை சாஞ்சா ஆர் பொறுப்பு? ஒன் தம்பி கரகம் எடுக்கறான், ஊரு இன்னா சொல்லும்? வேணாம்மா, என்ன வுட்டுடு."

மத்தியானம்வரை அவனோடு மல்லுக்கு நின்றாள். கெஞ்சினாள், அதட்டினாள், உன் வண்டியே வேண்டாம் போ என்றாள், திரும்ப வந்து கேட்டாள். கடைசியில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனாள். சுரேஷைத் திட்டினாள், மாதையனைத் திட்டினாள், மைக் செட்டுக்காரனை அவன் பெயர்கூடத் தெரியாமல் திட்டினாள். கால் வழுக்கிச் சறுக்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டபோது காட்டையும் சேர்த்துத் திட்டினாள்.

அடிவாரம் வந்து சேர்ந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. ஜெனிலாவின் அம்மா சாந்தாமேரி வீடு அங்கேதான். ஓடிவந்து அழைத்துப்போய், கைக்கு மருந்து போட்டு, சோறு போட்டு, பாய் விரித்தாள். சிவசங்கரி பாயில் படுக்கவில்லை. சுவரோரம் சம்மணம் போட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி பொண்ணே, சாமிகிட்டயே வீம்பா?" என்றாள் சாந்தாமேரி. சாமியிடம் இல்லை, சுரேஷிடம்தான்.

அங்கிருந்தே ஜெனிலாவைக் கூப்பிட்டாள். முதல் பஸ் பிடித்து, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து வந்தாலும் படகுக்கு வரப் பதினொன்று தாண்டிவிடும்.

"அப்ப தண்ணி?" என்றாள் ஜெனிலா.

"பொதன்கிழமை பாக்கலாம்."

"பொதன்கிழமை ஆவாதுன்னு நீதானக்கா சொன்ன?"

"அவுக்காதன்னா அவுக்காத! நீ அந்த வாயில படகத் தனியா ஓட்டியிருக்கியா? மண்ணுல மாட்னா ஆர் இழுக்கறது? நான் வர்றேன், நான் வந்து பாக்கறேன்." போனை வைத்துவிட்டாள். சொன்னது முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

செவ்வாய்க் காலை ரயில் காட்பாடியில் நின்று கிளம்பியபோது எட்டரை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பொருமிக்கொண்டிருந்தாள். இந்நேரம் முதல் மூங்கிலைத் தாண்டியிருக்க வேண்டும். கரைக்காற்று இன்னும் இருக்கும். இந்நேரம் சவுக்குத் தோப்பு. இந்நேரம் பாயைத் தளர்த்தி, மெதுவாக இடப்பக்கம். படகு கரையில் கட்டிக்கிடக்க, தண்ணீர் வீணாக ஏறிக்கொண்டிருக்கும். எத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு! எதிர் சீட்டுக்காரர் "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். "நல்லாத்தான் கீது" என்று அவர்மேல் பாய்ந்தாள். பாவம், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெனிலாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பிரவின்ராஜும் எடுக்கவில்லை. ஒன்பது மணியும் தாண்டியபிறகு ஜெனிலாவே கூப்பிட்டாள். போனில் காற்று அடிக்கிற சத்தம்.

"அக்கா! வெளிய வந்துட்டோம்க்கா! கடல்ல கீறோம்!"

சிவசங்கரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வளைவுல ஒரு தடவ தட்டிடுச்சு. செத்தேன்னு நெனச்சேன். நீ சொன்ன மாதிரியே பாயத் தளத்திட்டு அப்படியே நின்னேன். கொஞ்ச நேரத்துல தண்ணி வந்து தூக்கிவுட்டுச்சு. அவரு அழுதுட்டாருக்கா!"

"அவுக்காதன்னு சொன்னனேடி."

"சொன்னக்கா. வந்து திட்டு, வாங்கிக்கறேன்." ஜெனிலா மேலே சொன்னாள்: "ராத்திரி பூரா நீ போட்ட கணக்க மனசுல ஓட்டிப் பாத்தேன். தண்ணி கீது, காத்து கீது, மூங்கில் கீது. நீ இருந்தாத்தான் ஆவும்னு அதுல எங்கியுமே இல்லியேக்கா. அதான் அவுத்துட்டேன்."

காற்றிலே பேச்சு அறுந்து போன் நின்றுவிட்டது. சிவசங்கரி கையில் பிடித்தபடியே இருந்தாள். படகு பிழைத்தது. பிள்ளைகளுக்கு வகுப்பு உண்டு, சாப்பாட்டுக்கு வழி உண்டு. சிரிக்க வேண்டிய நேரம் இது. ஆனால் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை சுரேஷ். தொட்டி மேடையிலிருந்து பேசுகிறான், பின்னால் மேளச் சத்தம் கேட்டது. குரலில் பயம் தெரிந்தது. "அக்கா, இன்னா ஆச்சு? படகு?"

"போய்டுச்சு."

"மாரியாத்தா! நல்ல வேளை! அப்ப ஒன் வேல முடிஞ்சிச்சில்ல? வர்ற ஸ்டேசன்ல எறங்கிடுக்கா. திரும்புற வண்டியப் புடிச்சா பொழுதுக்குள்ள ஊருக்கு வந்துடலாம். நீ சொன்ன மாதிரி ராத்திரி தலைய சாய்க்காம இருந்திருந்தா கட்டும் ஒடயாது."

"நான் பாய்மரம் நட்டு, நான் பாய் தைச்ச படகுடா அது." அவள் போட்ட கூச்சலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "மண்ணுல மாட்டியிருந்தாகூட போய் நின்னு இழுத்திருப்பேன், கத்தியிருப்பேன். இப்ப அங்க எனக்கு வேலையே இல்லடா. அந்த வாயில நான் இல்லாமயே போய்டுச்சு. நான் இல்லாமயே போவும்னும் ஆயிடுச்சு. இத எனக்கு எந்த மாரியாத்தாடா திருப்பித் தருவா?"

மேளச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சுரேஷ் போனை வைக்கவில்லை.