பறவை விழாவுக்காகக் கூட்டிப் பெருக்கிய ஓடை

1. சனிக்கிழமை காலை, ஆறு பத்து

ஏழாம் நம்பர் தேயிலை மலையின் ஓடைக்கரையில் முப்பத்தெட்டுப் பேர் சத்தம் காட்டாமல் நின்றார்கள். எல்லார் கழுத்திலும் பைனாகுலர். பாதிப் பேர் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, பதுளையில் முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறி, ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். நான் டோர்ச்சை அணைத்துவிட்டு வெளிச்சம் வரக் காத்திருந்தேன்.

வெளிச்சம் வந்தது. ஓடையின் இரு கரையிலும் வெறும் மண். ஒரு சருகு கிடையாது. விளக்குமாறு இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. அந்த ஓடையைக் கூட்டச் சொல்லி வேலை எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

2. டயரியும் டொக்டரும்

அப்போது நான் தோட்டத்து ஒபிசில் பெரிய கிளாக்கர். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது இது. தினமும் விடிந்ததும் நாற்பது நிமிடம் நடப்பேன். பார்த்த பறவையின் பெயர், நேரம், இடம், வானிலை ஆகிய நான்கையும் டயரியில் எழுதிவிட்டுத்தான் தேநீர் குடிப்பேன்.

நான்கு வருடம் தொடர்ந்து, மார்ச் கடைசியில், அந்த ஓடையில் ஒரு பைட் த்ரஷ் பார்த்தேன். மைனா அளவுப் பறவை. முதுகு கறுப்பு, இறக்கையில் வெள்ளைக் கோடுகள், புருவம் போல் ஒரு வெள்ளைப் பட்டை. இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு நம் மலைநாட்டுக்கு வந்து, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் திரும்பிப் போவது. இருட்டான ஈரமான இடத்தில் சருகைப் புரட்டிப் புழு தின்னும். ஆள் அசைந்தால் மறைந்துவிடும்.

டொக்டர் குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் வேலை. பறவைகள் திரும்பிப் போகிற அந்த வாரக்கடைசியில் வருடாவருடம் பறவை விழா நடத்துகிறவர். என் டயரியைக் கொழும்பிலுள்ள தன் நண்பர்களிடம் காட்டியிருக்கிறார். தனி ஆள், அதுவும் தோட்டத்துக் கிளாக்கர், நான்கு வருடமும் அதே ஓடையில் பார்த்தாராமா என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். இன்னொருவர் கண்ணால் பார்த்தால்தான் பறவைப் பட்டியலில் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். டொக்டருக்கு ரோசம் வந்தது. எல்ல என்ற ஊரில் நடக்கவிருந்த விழாவை எங்கள் தோட்டத்துக்கு மாற்றினார்.

"நான் உம்மட டயரியை நம்பித்தான் இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். காட்டாமல் விட்டீரெண்டால் உம்மையும் சிரிப்பினம், என்னையும் சிரிப்பினம்" என்றார்.

அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் குறைவு. பயம் பாதி, சந்தோஷம் பாதி.

3. ஒன்பதாவது வேலை

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கம்பெனியிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட விசிட்டிங் ஏஜண்ட் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று. பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு. தண்ணீர் ஓடும் கானெல்லாம் சுத்தம். ஸ்டோர் வாசலில் தண்ணீர் தெளிப்பு. அவர் நடக்கும் பாதையில் ஒரு இலை கிடக்கக்கூடாது.

தோட்டத்து மேனேஜரான துரை என்னைக் கூப்பிட்டு, வெளியாட்கள் வருகிறார்கள், வழக்கமான ஏற்பாடு செய்துவிடுங்கள் என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் மட்டும் யாரையும் கூட்டிப் போகவேண்டாம் என்றும் சொன்னார். நான் கடைசி விசிட்டின் பைலை எடுத்தேன். அதில் வேலைப் பட்டியல் தயாராக இருந்தது. தேதியை மாற்றி, மற்றதை அப்படியே பிரதி எடுத்தேன். மொத்தம் பதினான்கு வேலைகள். ஒன்பதாவது: "ஏழாம் நம்பர், ஓடை இரு கரையும் கூட்டி அள்ளுதல். நான்கு பெண் ஆட்கள்."

என் கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது. எழுதும்போது ஒரு கணம்கூட அந்தப் பறவை நினைவுக்கு வரவில்லை. பறவை டயரியில் இருந்தது, வேலை பைலில் இருந்தது. என் தலையில் அவை இரண்டும் வேறு வேறு அலுமாரி.

4. பெரட்டுக் களம்

ஓடைக்கரையிலேயே டொக்டரைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் குனிந்து விளக்குமாற்றுக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"வடிவாக் கூட்டியிருக்கினம்" என்றார். பிறகு, "சருகையெல்லாம் எங்க கொட்டினவை?" என்று கேட்டார்.

சருகு போன இடத்துக்குப் பறவையும் போயிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தை அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். ஆள் பிரித்து மலைக்கு அனுப்பும் நேரம். செல்லையா கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் ஓடி அவர்கள் பார்த்ததில்லை.

நேற்று ஓடை கூட்டியது யார் என்று கேட்டேன். கங்காணி தயங்கினார். வேலையில் குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நல்லாத்தாங்க கூட்டினாங்க. நானே நின்னு பாத்தேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து ராமாயி முன்னால் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். யாருக்கும் பயப்படமாட்டார்.

"நாங்க நாலு பேருந்தாங்க கூட்டினோம். என்ன, ஒரு எல கெடந்துச்சா?"

"இல்லம்மா. அள்ளுன சருக எங்க போட்டீங்க?"

அவர் முகம் மாறியது. கங்காணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மக்குன சருகுங்கய்யா. வீணாக் கொட்டுவானேன்னு எங்க லயத்துக்குப் பின்னால, என் மரக்கறித் தோட்டத்துல பரப்பிட்டேன். வேணும்னா அள்ளிக் குடுத்துடுறேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பறவை எப்படி இருக்கும் என்று விவரித்தேன். கறுப்பு, வெள்ளைக் கோடு, வெள்ளைப் புருவம். பாதியிலேயே நிறுத்தினார்.

"அந்தச் சனியனா? விடிஞ்சதுலருந்து அங்கதான் நிக்குது. பீன்ஸ் வெதையெல்லாம் கெளறிப் போட்டுருச்சு. ரெண்டு தடவ கல்லெடுத்து எறிஞ்சேன். போயிட்டுப் போயிட்டு வருது."

கல் பட்டதா என்று கேட்டேன்.

"பட்டா நான் ஏங்க அத ஏசிக்கிட்டு இருக்கேன்?"

களம் முழுவதும் சிரித்தது. கங்காணியும் சிரித்தார்.

5. லயத்துப் பின்பக்கம்

ராமாயியின் தோட்டம் ஓடை இறங்கி முடியும் இடத்தில், ஏறக்குறைய எண்பது கஜம் தள்ளி இருந்தது. அங்கே போக லயத்து வாசல் வழியாகத்தான் போகவேண்டும். துரை சொன்னது காதில் ஒலித்தது. கேட்டு வர நேரமில்லை. பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தை நடத்திக்கொண்டு போனேன்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ராமாயி முன்னால் போய்த் தண்ணீரை நிறுத்தச் சொன்னார், ரேடியோவை அணைக்கச் சொன்னார், ஒரு நாயைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டுப் பேரும் காய்கிற துணிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரியவர், என் டயரியைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர், ஒரு கட்டில் விரிப்பை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீன்ஸ் பாத்தி அசையாமல் கிடந்தது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.

ஏழு பன்னிரண்டுக்கு ஒரு சருகு மேலே பறந்தது. இன்னொன்று. பிறகு, பொழுது விடிந்ததைப் போல, அந்த வெள்ளைப் புருவம். முழு வளர்ச்சி பெற்ற ஆண். ஒரு புழுவை இழுத்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, மீண்டும் சருகைப் புரட்டியது. பெரியவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. பதினொரு நிமிடம் பார்த்தோம். அது ஓடைக்குள் போய் மறைந்ததும் டொக்டர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். இரண்டு நாள் வலித்தது.

பெரியவர் என்னிடம் வந்து கைகொடுத்தார். நான்கு வருடப் பதிவும் பட்டியலில் சேரும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் டொக்டர் ராமாயியிடம் திரும்பி, இதை முன்பும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"நான் கட்டிக்கிட்டு வந்த வருசத்துலருந்து பாக்குறேனுங்க. ஐப்பசி மழையோட வரும். சித்திரை பொறக்குறதுக்கு முன்னாடி போயிரும். சோடி வேற இருக்கே, மண்ணு நெறத்துல. இதுக்குக் கறுப்பு இருக்குற எடமெல்லாம் அதுக்கு மண்ணு நெறம். கோடு அதே கோடு."

டொக்டர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பெண் பறவையின் படத்தைக் காட்டினார். ராமாயி ஒரு பார்வையில் தலையாட்டினார். நான் அந்தப் படத்தை அன்றுதான் முதல்முதலில் பார்க்கிறேன். என்னிடமிருந்த பழைய புத்தகத்தில் ஆணின் படம் மட்டுமே இருந்தது. என் டயரியில் அந்த ஓடைக்கு நேரே பதினேழு இடத்தில், நேரமும் வானிலையும் சுத்தமாகக் குறித்து, "பெயர் தெரியாத பழுப்புக் குருவி" என்று எழுதியிருந்தேன்.

6. துரையும் பட்டியலும்

லயத்துக்குக் கூட்டிப் போனதற்காகத் துரை அன்று பகல் என்னிடம் கடுமையாகத்தான் பேசினார். பெரியவர் வந்து பங்களாவில் தேநீர் குடித்து, இப்படி ஒரு தோட்டம் நான் பார்த்ததில்லை என்று சொன்ன பிறகு துரையின் கோபம் கொஞ்சம் இறங்கியது.

இப்போது தோட்டத்து ஒபிசுகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய பைலைப் பார்த்துப் பிரதி எடுக்காதீர்கள். வேலை எழுதினால், அந்த வேலையைச் செய்யப்போகிறவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். அந்த இடத்தைப் பற்றி உங்கள் மேசைக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

அடுத்த விசிட்டுக்குப் பட்டியல் எழுதி, பெரட்டுக் களத்தில் ராமாயிக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பதினான்கில் மூன்றை வெட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.