குழாய் இருக்கட்டும் என்று சொன்னவள்

எலும்பு வார்டில் ஹெட் நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் 'ஏனம்மா'. முகத்துக்கு நேரே கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் டாக்டர் முதல் ஆயா வரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் கட்டில் கட்டிலாக வருவாள். அறுவை சிகிச்சை முடிந்தவருக்குப் போட்டிருக்கும் மூத்திரக் குழாயைக் காட்டி, "இது இன்னிக்கும் ஏன் இருக்கு?" என்று கேட்பாள். பதில் ஒழுங்காக வந்தால் அடுத்த கட்டிலுக்கு நகர்வாள். வராவிட்டால் குழாயை அப்போதே எடுத்தாக வேண்டும்.

இது அவளாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. அவள் ஹெட் நர்ஸ் ஆன புதிதில், வார்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. இடுப்பெலும்புக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள், கூடவே ஒரு மூத்திரத் தொற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் வீட்டுக்கே போகவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படித்தாள். பல ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்தவர்கள் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். குழாய் உள்ளே இருக்க இருக்கத் தொற்றும் அதிகமாகிறது. டாக்டர் வந்து சொல்லட்டும் என்று காத்திராமல் நர்ஸே தினம் கேட்டு எடுத்துவிட்டால் குறைகிறது.

நம் வார்டிலும் அப்படியே செய்யலாம் என்று அவள் போய்க் கேட்டதும், பெரிய டாக்டர் சரியென்று தலையாட்டிவிட்டார். அவருக்கென்ன, ஒரு கையெழுத்தோடு போயிற்று. இடுப்பு ஒடிந்தது நர்ஸுகளுக்குத்தான். குழாய் இருந்தால் பையைக் காலி செய்தால் போதும். எடுத்துவிட்டால் படுக்கையிலேயே பெட்பேன் தட்டு வைக்க வேண்டும், தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்கு நடத்த வேண்டும், நனைந்த விரிப்பை மாற்ற வேண்டும். எல்லோரையும்விட அதிகமாகப் புலம்பியவள், ஏனம்மாவோடு ஒன்றாக நர்ஸிங் படித்த தோழி. எதற்கெடுத்தாலும் புலம்புவதால் அவளுக்கு 'முணுமுணுப்பு' என்று பெயர். வார்டுக்குள் இவளை "சிஸ்டர்" என்பாள், வாசலைத் தாண்டினால் "ஏய்" என்பாள். "கட்டுரை எழுதினவங்க வந்து ஒரு நாள் பெட்பேன் தூக்கட்டும், அப்புறம் பேசட்டும்" என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் காய்ச்சல் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அவளைப்போல அந்த விதியைக் கட்டிக்காத்தவர்கள் கிடையாது. புலம்பல் மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் ஏனம்மாவின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

அக்கா தையற்காரி. ஊரெல்லாம் அவளிடம் அளவு கொடுக்கும். அவளோ கூடப்பிறந்தவள் முன்னால்கூட உடை மாற்ற மாட்டாள். அவ்வளவு கூச்சம். இடுப்பில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொந்த அக்காவுக்குத் தானே நர்ஸாக இருக்கக் கூடாது என்று ஏனம்மா லீவு போட்டு, துணைக்கு வந்தவளாகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை முணுமுணுப்பு கையுறையோடு வந்தாள்.

"குழாயை எடுத்துடலாமா சிஸ்டர்?"

அக்கா தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. நாலு பேர் தூக்கி என்னை அந்தத் தட்டு மேல உக்கார வைப்பாங்க. பக்கத்துக் கட்டில்காரி பாத்துக்கிட்டே இருப்பா. எனக்கு உயிரே போயிடும். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே? உன் வார்டுதானே, நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

இதே பேச்சை எத்தனையோ கட்டில்களில் கேட்டவள்தான் ஏனம்மா. கேட்டுக்கொண்டே குழாயை எடுக்க வைத்தவள். ஆனால் அக்கா கெஞ்சி அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இருக்கட்டும்" என்றாள்.

"காரணம் என்னன்னு எழுதறது?"

"வலி தாங்கலைன்னு எழுதிக்கோ."

"வலி ஒரு காரணமே இல்லையே..."

"நான்தானே சொல்றேன். விடேன்."

முணுமுணுப்பு அன்று முணுமுணுக்கவில்லை. எழுதிவிட்டுப் போய்விட்டாள். ரெண்டு நாள் என்றது ஒவ்வொரு காலையும் "நாளைக்கு" என்று நீண்டது. பிறகு அக்காவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. பரிசோதனை முடிவு வருமுன்பே ஏனம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிருமி மூத்திரத்திலிருந்து ரத்தத்துக்கு ஏறி, மருந்துக்கு அடங்காமல், அந்த வாரமே அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

அத்தான் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தார். ஏனம்மா அவரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"உன் ஆளுங்களைக் காப்பாத்தறதுக்கு, செத்தவ மேலேயே பழி போடறியா? அவளே கேட்டு வாங்கிக்கிட்டான்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வருது?"

விசாரணையிலும் அதையே சொன்னாள். மேலதிகாரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, "கூடப்பிறந்தவங்க போன துக்கம். பாவம், என்னென்னவோ பேசறாங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பணியில் இருந்த நர்ஸ் யார், பொய்க் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்து, முணுமுணுப்பை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த நிர்வாகம் சுத்தமாகக் கைகழுவிய ஒரே தடவை அதுதான்.

ஏனம்மா அவள் வீட்டுக்குப் போனாள். முணுமுணுப்பு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் மறுபடி போய்ச் சொல்றேன்டி. எழுதியே குடுக்கறேன்."

"சொல்லி? அவங்க செஞ்சது சரிதான். மத்த கட்டில்ல சொந்தக்காரங்க கால்ல விழுந்தாலும் நான் எடுத்துட்டுதானே போவேன்? அன்னிக்கு உன் முகத்தைப் பாத்தேன், கை வரல." ஒரு விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "உங்க அக்காவை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாகவிட்டோம். எனக்குத் தண்டனை குடுத்தாங்க. உனக்குத் தண்ணி குடுத்தாங்க."

ஏனம்மாவுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. உள்ளே முணுமுணுப்பின் மாமியார், "யாரும்மா அது அழறது?" என்று கேட்டபடி எழுந்து வரும் சத்தம் கேட்டது.

"இங்க அழாதே, போ" என்றாள் முணுமுணுப்பு. "எங்க வீட்டுலயும் உனக்குத்தான் ஆறுதல் சொல்லுவாங்க."