கெட்டிச்சட்னி என்றொரு ஆள்

போன வாரம் காலை, மாட்டுத்தாவணிப் பழ மண்டியில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஊரிலிருந்து, சொந்தக்காரன் பாண்டியின் மூத்த மகன். அவன் தம்பிக்குக் கல்யாணமாம். மண்டப வாசலில் வைக்க ப்ளெக்ஸ் அடிக்கிறார்களாம்.

"மாமா, ஒங்க போட்டோ ஒண்ணு அனுப்பி விடுங்க. வரவேற்கிற ஆளுகள்ல ஒங்களையும் போடச் சொன்னாரு அப்பா."

"பேரு என்னன்னு போடுவ?"

"கெட்டிச்சட்னின்னுதான்."

"செல்வராசுன்னு போடு."

அவன் கேட்டான்: "அது யாரு மாமா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து ப்ளெக்ஸுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூலிங் கிளாஸ் போட்ட படங்களுக்குக் கீழே 'டியூப்லைட்' கண்ணன், 'குருவி' முத்து என்று வரிசையாக இருக்கும். பட்டப்பெயர்தான் கொட்டை எழுத்தில். அவர்களுக்காவது சொந்தப் பெயர் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அருவா' என்று பெயர் இருந்தால் பஸ்ஸில் நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். கெட்டிச்சட்னிக்கு யார் எழுந்திருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மண்டிக்கு எதிரே ஓர் இட்லிக் கடை இருக்கிறது. பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் சேர்ந்து அரைபடுகிற வாசனை வந்தால் மற்ற ஆட்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் காது சூடாகும். முப்பத்தைந்து வருடமாக இட்லிக்குச் சீனி தொட்டுத்தான் சாப்பிடுகிறேன். கடைக்காரர் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தே தீரும் என்கிறார். வரட்டும்.

அப்பா இறந்த பிறகு, நான் ஐந்தாவது முடித்த கையோடு, அம்மா தன் பிறந்த ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாகமலைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பழைய ஊரில் வாத்தியார் தினமும் காலையில் என் பெயரை வாசிப்பார். பள்ளிக்கூடத்தை விட்டபோது பெயரையும் அந்த ரிஜிஸ்தரிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்கிறேன். புது ஊரில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் கூச்சம். அம்மா 'தம்பி' என்பாள். மற்றவர்கள் 'ஏய்' என்பார்கள். அதுவரை வாழ்க்கை நன்றாகத்தான் போனது.

எனக்குப் பதினைந்து வயதில் ஊரில் ஒரு கல்யாணம். காலைப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்கு ஒரு சின்னத் தூக்கில் கெட்டிச்சட்னி போனது. எங்கள் வரிசைக்கு வாளியில் தண்ணிச்சட்னி. அது இலையில் நிற்காமல் என் மடிக்கு ஓடி வந்தது. பரிமாறியது பாண்டி. என்னைவிட மூன்று வயது மூத்தவன், எனக்கு மச்சான் முறை. அவனிடம் மெதுவாகத்தான் கேட்டேன்: "மச்சான், கெட்டிச்சட்னி இல்லையா?"

பாண்டி அங்கிருந்தே சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினான். "ஏப்பா, இங்க தொரைக்குக் கெட்டிச்சட்னி வேணுமாம்ல. தண்ணிச்சட்னி எறங்காதாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் கை கழுவப் போவதற்குள் அது பெயராகிவிட்டது. ஊருக்கு வந்து ஐந்து வருடத்தில் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். கிடைத்த பலன் அது. சட்னி கடைசிவரை வரவில்லை.

அதன் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் தொல்லைதான். திருவிழா மைக்கில், "கெட்டிச்சட்னி எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும், அவர் தாயார் தேடுகிறார்" என்று மூன்று தடவை சொல்வார்கள். ஒரு தடவை போதும் என்று சொல்லப் போனால் நாலாவது தடவையும் சொல்வார்கள். அம்மாவை 'சட்னி ஆத்தா' என்றார்கள். எங்கள் வெள்ளாடு குட்டி போட்டபோது அதற்குச் சாம்பார் என்று பெயர் வைத்தது ஊர்தான், நாங்கள் இல்லை.

இதெல்லாம் போகட்டும். நான் மன்னிக்காதது வேறு.

எனக்கு இருபத்தாறு வயதில் எழுமலையில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். வந்தவர்களுக்குச் சேவும் காப்பியும் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"பேரு செல்வராசுங்களா?"

"ஆமா."

"நல்லாருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. பஸ் உசிலம்பட்டி வந்து, செக்கானூரணி தாண்டும் வரைக்கும் என் பெயரை நானே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெண் கொடுப்பதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை ஊருக்கு ஆள் அனுப்பி டீக்கடையில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடைப் பெஞ்சு நல்லவன் என்றால் நல்லவன். ஒரு வாரம் கழித்து அப்படி ஒருவர் வந்தார். அவர் என்னைப் பார்த்ததில்லை. நான் அதே பெஞ்சின் ஓரத்தில்தான் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தேன்.

"சுப்பையா மகன் செல்வராசுன்னு ஒரு தம்பி, ஆளு எப்படிண்ணே?"

என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நடுவில் உட்கார்ந்திருந்த பாண்டிதான் பதில் சொன்னான்.

"செல்வராசா? அப்பிடி யாரும் நம்மூர்ல இல்லையேண்ணே. நீங்க ஊரு மாறி வந்திருப்பீக."

மற்றவர்களும் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்கள். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

"நான்தான் அது" என்றேன்.

பாண்டி திரும்பிப் பார்த்தான். "அட, ஒனக்குப் பேரெல்லாம் இருக்கா மாப்ள?"

பெஞ்சு சிரித்தது. ஒருத்தன்கூட பஸ்ஸைப் பார்த்து ஓடவில்லை. நானும் ஓடவில்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு, ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு எழுமலைக்குப் போனாள். பெண்ணின் அப்பா கார்டைப் படித்தார். மடக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"கார்டுல பேரு இருக்கு, சரிதான். ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியலையே. கெட்ட பேருன்னாக்கூட அது ஒரு பேருதான். பேரே இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிப் பொண்ணு குடுக்க?"

"வேற பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கண்ணே" என்றாள் அம்மா.

"என்ன பேரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். அவர் மறுபடியும் ஆள் அனுப்பியிருப்பார். கெட்டிச்சட்னியா, தங்கமான பையனாச்சே என்று அதே பெஞ்சு சொல்லியிருக்கும். ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கம்பிக்கு நடுவே சேலை தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். அம்மா கார்டை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

தப்பில் பாதி என்னுடையது என்று தெரியும். மீதிப் பாதியைப் பாண்டிக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை. "சத்தியமா ஒன் பேரு எனக்குத் தெரியாது மாப்ள" என்று பிற்பாடு சொன்னான். அது உண்மை என்பதுதான் எனக்கு ஆத்திரம். தெரியாத ஒருவனுக்குப் பெயர் வைக்க அவன் யார்? அம்மா பார்த்த மற்ற இடங்களும் ஒவ்வொரு காரணமாகத் தட்டிப்போயின. பிறகு நான் மதுரைக்கு வந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அந்த டீக்கடை இப்போது இல்லை. நாலுவழிச் சாலை போட்டபோது போனது. எனக்கு வருத்தமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் செத்துவிட்டார்கள். மூன்று சாவுக்கும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். கெட்டிச்சட்னின்னு கூப்பிட ஒரு வாய் குறைந்தது என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மாலையையும் போட்டேன். தப்புதான். என்ன செய்ய, அப்படித்தான் தோன்றியது. அம்மாவும் போய்விட்டாள்.

போன வருடம் ஒரு லோடு விஷயமாக எழுமலை போக வேண்டியிருந்தது. அந்தத் தெருவைத் தேடிப் போனேன். வீடு இருந்த இடத்தில் மாட்டுத்தீவனக் கடை இருந்தது. ஜன்னல் இருந்த பக்கம் ஷட்டர் போட்டிருந்தார்கள். இங்கே முன்னால் குடியிருந்தவர்கள் எங்கே என்று கடைக்காரப் பையனிடம் கேட்டேன். விற்றுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி என்றான்.

"யாரைத் தேடுறீங்கண்ணே? பேரைச் சொல்லுங்க, எங்க அப்பாவுக்குப் போனைப் போட்டுக் கேப்போம்."

பெண் பார்க்கப் போன அன்று அவளை வீட்டில் 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். ஜாதகத்தில் பெயர் இருந்திருக்கும். அதை எங்களோடு பெண் பார்க்க வந்த மாமா ஒருவர்தான் வாங்கிப் படித்தார். என்ன பெயர் என்று அவரிடம் கேட்க எனக்கு வெட்கம். கல்யாணத்துக்கு முன்னால் எப்படியும் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றுமில்லை தம்பி, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏற நடந்தேன்.