இடதுபக்கம் ஒரு முழம் இடம்

திருப்பதிக்குள் நுழைய ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பாலம் கட்டுகிறார்கள். கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே காலை எட்டு மணி நெரிசலில் மாட்டிய கல்யாண வேனில், மழமழவென்று சவரம் செய்து ஏறிய மாப்பிள்ளை மண்டபத்தில் தாடியோடு இறங்கினான். நம்பமாட்டீர்கள். வேண்டாம். ஆனால் பாலையா என்ற பால் டேங்கர் டிரைவர் தினமும் அந்த நெரிசல் எப்போது வரும் என்று ஆசையோடு ஓட்டிவந்தார் என்பதை நம்பித்தான் ஆகவேண்டும்.

பாலையாவுக்கு ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். பலமனேரில் பால் ஏற்றிச் சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஓட்டினார். கூடக் கிளீனர் கிடையாது. தங்குவது பலமனேர் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. மூன்று வருஷத்தில் அந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை. மனைவி செல்லியம்மா, ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகன் பவன்குமார் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். வாரம் ஒருமுறை போன் வரும்.

“துன்னியா?”

“துன்னேன். நீ?”

“துன்னுக்கினே இருக்கேன்.”

அவ்வளவுதான். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொள்வான்.

முன்பெல்லாம் சந்தில் புகுந்து போகிற பைக்காரர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. சாலையின் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். ஓரத்து வெள்ளைக்கோடு டயரில் ஒட்டிக்கொண்டு சித்தூர்வரை வந்துவிட்டது என்று டீக்கடையில் பேச்சு.

“இடதுபக்கம் நம்ப கண்ணுக்குத் தெரியாத பக்கம்,” என்பார். “அங்கதான் வந்து நுழையறானுங்க. ஒருத்தன் வுழுந்தா போலீஸ் வர்றதுக்கு முன்னால ஜனம் வந்து டிரைவரை அடிக்கும். என் வண்டியாண்ட கொசுகூடப் பர்மிஷன் கேட்டுத்தான் போவணும்.”

ஒருநாள் கொசு கேட்டது.

நெரிசலில் டேங்கர் ஊர்ந்துகொண்டிருந்தபோது இடதுபக்கத் தகரத்தில் இரண்டு தட்டு. மற்ற பைக்காரர்களும் தட்டுவார்கள், கோபமாக, அறைகிற மாதிரி. இது வீட்டுக் கதவைத் தட்டுகிற தட்டு. கண்ணாடியில் பார்த்தார். ஊதா ஹெல்மெட், ஸ்கூட்டி, ஒரு பெண். அவர் கை தானாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தது. ஒரு முழம் இடம் கிடைத்தது. அவள் நழுவிப் போய்விட்டாள்.

மறுநாளும் தட்டு. அதற்கு மறுநாளும். ஏழு மாதம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் முகத்தை இவர் பார்த்ததில்லை, இவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஸ்கூட்டி நம்பர் மட்டும் இவருக்கு மனப்பாடம். மகன் பிறந்த தேதியைக் கேட்டால் யோசிப்பார், அதைக் கேட்டால் யோசிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தட்டு இருக்காது. அன்றைக்கு வண்டியில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை தட்டு கேட்டது. இடது கண்ணாடியிலேயே கண்ணை வைத்து வண்டியை வலதுபக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் எதிர்வரிசையில் ஏறிவந்து மூக்கை நுழைத்திருந்த வெள்ளைக் காரைப் பார்க்கவில்லை. காரின் கதவு கீச்சென்று கிழிந்தது.

காரிலிருந்து இறங்கியவன் அஷ்வின், சென்னைப் பையன், திருப்பதியில் வேலை. டிராஃபிக் கான்ஸ்டபிள் ரவியும் வந்தார். பாலையாவின் போன் அடித்தது. டேங்கர் முதலாளி சுதீர். பின்னால் நின்ற ஆட்டோக்காரனே சொல்லிவிட்டானாம்.

“பாலையா, ஏற்கெனவே ரெண்டு தடவை உரசிட்ட. இது உன் தப்புன்னா சாவியைக் குடுத்துட்டுப் போ. வேற யார் தப்புன்னாவது போலீஸ்கிட்ட எழுதிவாங்கு.”

எழுதிவாங்குவது சுலபமாகத்தான் இருந்தது.

“அவர் மேல தப்பில்ல சார்,” என்றான் அஷ்வின். “ஒரு ஸ்கூட்டி லெஃப்ட்ல பூந்துச்சு. அதுக்குத்தான் திருப்பினாரு. இந்த டூவீலர் எல்லாம் எலி மாதிரி சார்.”

“இடதுபக்கம் ஓவர்டேக் பண்ணக்கூடாதுன்னு ரூல் இருக்கு,” என்றார் ரவி. “ராங் சைடுல ஏறக்கூடாதுன்னும் இருக்கு தம்பி. எல்லாம் அடுத்தவனுக்குத்தான் ரூல் சொல்றீங்க.” பாலையாவிடம் திரும்பினார். “ஸ்கூட்டி நம்பர் பாத்தியா? சொல்லு, அவங்க மேல எழுதிக்கறேன். நீ கிளம்பலாம்.”

நம்பர் பாலையாவின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் டேங்கர் வேலை தங்கும். ஆனால் அவள் நாளைக்கு வேறு ரோட்டில் போவாள்.

“ஸ்கூட்டியெல்லாம் எதுவும் வர்ல சார். தூக்கக் கலக்கம். நானே ஒடிச்சிட்டேன்.”

அஷ்வின் அவரை ஒரு மாதிரி பார்த்தான். “பெரியவரே, உங்களுக்காகத்தானே சொல்றேன்.”

“தெரியும் நைனா.”

சாயங்காலமே சாவி கைமாறியது. புது டிரைவர் சிரஞ்சீவிக்கு இருபத்தெட்டு வயது. வண்டியைக் காட்டிக்கொடுத்தபோது பாலையா ஒன்றே ஒன்று சொன்னார்: “பாலத்தாண்ட இடதுபக்கம் தட்டினா, கொஞ்சம் ஒதுங்கி விடு.”

“ஒதுங்கறதா? நசுக்கிடுவேன்,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பாலையாவை ஊருக்குப் போகவிடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறிப் பாலத்தருகே இறங்கி, மண் மேட்டின் மேல் நின்றார். எட்டே கால். ஊதா ஹெல்மெட் தெரிந்தது. கையை உயர்த்தினார்.

அவள் வேகத்தைக் குறைத்து, “லிஃப்டெல்லாம் தர்றதில்ல அண்ணா,” என்றாள்.

“லிஃப்ட் வாணாம்மா. முன்னால நிக்குதே பால் டேங்கர், அதாண்ட நுழையாத. டிரைவர் மாறிட்டான். இவன் வழி விடமாட்டான்.”

“டிரைவரா?” அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். முப்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கம் மிச்சம். “ரோடு அந்த எடத்துல அகலம்னு நெனச்சுக்கினு இருந்தேன். தட்டறது ஒரு பழக்கம், அவ்ளோதான். நீங்க யாரு?”

பாலையா பாலத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“பாலத்து வேலைக்காரன்,” என்றார்.

“சரிண்ணா. தேங்க்ஸ்.”

அவள் போய் டேங்கருக்குப் பின்னால், நல்ல தூரம் விட்டு, காலை ஊன்றி நின்றாள். இரண்டு பையன்கள் அவளைத் தாண்டிச் சந்துக்குள் புகுந்தார்கள். டேங்கர் இடதுபக்கம் இறுக்கியது. ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு மண்ணில் இறங்கினான். அவள் நகரவில்லை. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

வரிசை நகர்ந்து ஊதா நிறம் மறைய இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை பாலையா மேட்டிலேயே நின்றார். பாலத்து மேஸ்திரி வந்து, யார் நீ, வேலைக்கு வந்தவனா என்று தெலுங்கில் கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டு, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.