சம்பளம் வாங்காத கேப்டன்

பெரியப்பாவின் நீல ஏரோகிராமைப் பிரித்தபோது, ஒரு கிழவரைப் பொய்யர் என்று நிரூபிக்கப் போகிற மகிழ்ச்சிதான் எனக்கு இருந்தது. எண்பதுகளின் நடுவில், அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சனில் ஞாயிறுதோறும் நாங்கள் கிரிக்கெட் ஆடிய பூங்காவுக்கு அந்த இங்கிலாந்துக்காரர் நடுவராக நிற்க வருவார். பக்கத்துத் தெருவில் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் தாம் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்ட, அணிக்குக் கேப்டனாக இருந்ததாக ஒரே ஒருமுறை சொன்னார். எத்தனை ரன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மட்டையை நீட்டினால் தொடமாட்டார். "ரீல் விடறார் சார். ஒரு ஃபோட்டோவாவது காட்டச் சொல்லுங்க" என்றான் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். அலுவலகத்தில் என் பிரிவில் வேலை பார்த்த என்ஜினியர் அவன். எனக்கும் அதே எண்ணம்தான். கிழவரின் பெயரை எழுதிச் சென்னையில் இருந்த பெரியப்பாவுக்கு அனுப்பினேன்.

பெரியப்பா தம் கிளப் நூலகத்தில் பழைய கிரிக்கெட் ஆண்டு மலர்களைப் புரட்டியிருந்தார். பெயர் இருந்தது. ஒரே ஒரு பருவம், கேப்டன், சராசரி எட்டு ரன். எட்டு ரன் அடிப்பவரை யார் கேப்டனாக்குவார்கள்? என் சந்தேகம் தீரவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அடுத்த ஞாயிறு அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்தான் கேப்டனாகலாம் என்பது அன்றைய வழக்கம், தம் அப்பாவுக்கு நிலம் இருந்தது, அவ்வளவுதான் என்றார். சம்பளத்துக்கு ஆடிய ஒரு கொத்தனார் மகன்தான் அணியிலேயே சிறந்தவராம். அவர் வேறு வாசல் வழியாக மைதானத்துக்குள் வருவார், இவரை 'சார்' என்பார், வலைப்பயிற்சியில் இவருக்கு மட்டும் எளிதான பந்தாகப் போடுவார். அது மரியாதையா ஏளனமா என்று கடைசிவரை தெரியாமல் இவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நீ எப்படிக் கேப்டனானாய்?"

அணியில் ஏழு பேர் என் கீழ் வேலை செய்தார்கள். அவர்களுடைய கிரீன் கார்டு விண்ணப்பங்களுக்கு என் கையெழுத்து வேண்டும். மட்டையை எடுத்துக்கொண்டு ஆடப் போனேன். எங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடிய ஆட்டம் அது. எங்கள் வேகப்பந்து வீச்சாளன், அந்த என்ஜினியர், கால் பக்கமாக மெதுவாக ஒரு பந்து போட்டான். எல்லைக்கு அடித்தேன். "சூப்பர் ஷாட் சார்" என்றான். கிழவர் நான்கு என்று கையசைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவனுக்குக் கிரீன் கார்டு வந்தது. அந்த ஞாயிறு அவன் எனக்குப் போட்ட முதல் பந்தே நடு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"ஸாரி சார்" என்றான். அவன் சிரித்தானா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.