ஏழு பை ஒன்று அறையின் மூன்று பேர்

ஷேக் பரீத் எங்கள் இல்லத்துக்கு வேலை கேட்டு வந்தபோது நான் முதலில் பார்த்தது அவருடைய நகங்களை. படுக்கையில் கிடப்பவர்களைத் தொடும் இடத்துக்கு யார் வந்தாலும் எனக்கு அது பழக்கம். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. விரல் நுனியில் மட்டும் கறுப்பு மை. கழுவினாலும் போகாத அச்சக மை.

அது தொண்ணூற்றேழு. இல்லம் கணபதி என்ற பகுதியில் இருந்தது. நடக்க முடியாதவர்கள், வாதம் அடித்தவர்கள், வீட்டில் பார்க்க ஆள் இல்லாதவர்கள் என்று நாற்பது பேர். தலைமைச் செவிலி என்ற முறையில் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. கணக்கையும் நிர்வாகத்தையும் செயலாளர் பொங்கியண்ணன் பார்த்தார். காந்திபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு அச்சகம் மூடப்பட்டபோது, அதன் முதலாளி தன் பழைய மெக்கிண்டாஷ் கணினியை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தார். கூடவே, அதில் ஒன்பது வருடம் வேலை செய்த பரீதையும் அனுப்பி வைத்தார்.

பரீதுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோட்டைமேட்டுக்காரர். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு ஈய எழுத்துக் கோக்கப் போனவர், பிறகு கணினியில் எழுத்துக் கோத்தார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் பெர்ல் என்ற கணினி மொழி இருந்ததாம். அதைத் தானே கற்றுக்கொண்டு, அச்சகத்தில் ஆயிரம் பத்திரிகைக்கு ஆயிரம் பெயரை மாற்றி மாற்றி அடிக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும் மனிதர். ஈரக் கையோடு யாராவது விசைப்பலகையைத் தொட்டால் துண்டை நீட்டுவார், பேசமாட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் செய்த வேலைதான் பிடிக்கவில்லை. செவிலியர்கள் தாளில் எழுதும் தினக் குறிப்பை அவர் காலையில் கணினியில் ஏற்றுவார். ஒரு மாதம் கழித்துத் தாளைக் கிழித்துவிடுவார்கள். இடம் இல்லை, கரையான் வருகிறது என்றார் பொங்கியண்ணன். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நோயாளியின் குறிப்பு இருப்பது எனக்கு ஒப்பவில்லை. சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் புதுக் கணினி வந்தது. விண்டோஸ் போட்டது. பழைய மெக்கிண்டாஷை அவிநாசியில் ஒரு பள்ளிக்குக் கொடுப்பதென்று முடிவு. இரண்டு கணினிக்கும் ஒத்துப்போகாது என்றார் பரீத். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் அப்படியே திறக்காது. கோப்புறைக்குள் கோப்புறை என்று போகும்போது நடுவில் போடும் குறிகூட வேறு வேறாம். மெக்கிண்டாஷில் இரண்டு புள்ளி, இதில் சாய்ந்த கோடு.

"அதனால என்னங்க பண்ணினேன்னா, குறியை நான் போடறதே இல்லை," என்றார். "எந்த மிஷின்ல ஓடுதோ அந்த மிஷினோட குறியை அதுவே போட்டுக்குமுங்க. ஒரே புரோகிராம், ரெண்டு மிஷின்லயும் ஓடும். ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்லீங்க."

அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பழையதில் இருந்த எல்லா அறைகளின் எல்லாக் குறிப்புகளையும் அந்த நிரல் ஒரே மூட்டையாகக் கட்டியது. பதினோரு பிளாப்பிகளில் பிரித்து எடுத்துவந்து புதியதில் அவிழ்த்தார். 'நகல் எடுத்தது: 41' என்று திரையில் வந்தது. அதை அச்சடித்து பொங்கியண்ணனிடம் கையெழுத்து வாங்கினார். மறுவாரம் மெக்கிண்டாஷையும் பிளாப்பிகளையும் துடைத்து, வேனில் ஏற்றி அவிநாசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாற்பது பேருக்கு நாற்பத்தொரு குறிப்பு ஏன் என்றால், வெங்கடம்மாள் ஜூன் மாதம் இறந்துவிட்டார். அவர் குறிப்பை இன்னும் எடுக்கவில்லை.

அந்த வெங்கடம்மாளின் மகன் திருமூர்த்தி ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை வந்தார். "எங்கம்மா முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு இருந்துதுங்க. நீங்க பொரட்டிப் போடாம விட்டதுலதான் வந்துது. பதிவைக் காட்டுங்க, இல்லீன்னா நான் கேஸ் போடறேன்" என்றார். அந்தப் புண் அவர் வீட்டிலிருந்து வரும்போதே இருந்தது. சேர்க்கையின்போது அளந்து எழுதியதே நான்தான். பரீதைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னேன்.

பரீத் பட்டியலைத் திறந்தார். அறை அறையாக வந்தது. முப்பத்தெட்டு பேர். வெங்கடம்மாள் இல்லை. அவர் இருந்த ஏழு பை ஒன்று அறையே இல்லை. அதே அறையில் இருந்த மற்ற இருவரும் இல்லை.

பரீதின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் பொங்கியண்ணன் தன் மருமகனை அழைத்து வந்தார். கணினிப் படிப்பு முடித்தவர். அவர் குப்பைத் தொட்டியின் படத்தைத் திறந்து பார்த்தார். காலி.

"தொட்டி காலியா இருக்குதுங்க மாமா. தெரியாம அழிஞ்சிருந்தா இங்க கெடக்கும். காலின்னா, அழிச்சவன் வெவரம் தெரிஞ்சு சுத்தமா தொடைச்சிருக்கான்."

"நகல் நாப்பத்தொண்ணுன்னு பாய் கையால அடிச்ச தாளு என்கிட்ட இருக்குது," என்றார் பொங்கியண்ணன். "வந்தது நாப்பத்தொண்ணு. இருக்கறது முப்பத்தெட்டு. நடுவுல மூணு கால் மொளைச்சா போகும்?"

கணினி அறைச் சாவி இரண்டு. ஒன்று பரீதிடம், ஒன்று என்னிடம்.

பொங்கியண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். புண்ணைப் பற்றிய பதிவு காணாமல் போனால் பராமரித்தவளுக்குத்தானே லாபம். ஆனால் அவர் சொன்னது வேறு.

"சிஸ்டர், போன மாசம் காந்திபுரத்துல பாயும் அந்தத் திருமூர்த்தியும் ஒரே டீக்கடையில நின்னதை என்ற கண்ணால பார்த்தேன்."

பதிவு இல்லாவிட்டால் வழக்கில் லாபம் திருமூர்த்திக்கு, அவருக்காகப் பரீத் அழித்திருப்பார் என்பது பொங்கியண்ணன் கணக்கு. டீக்கடையில் நின்றதைப் பரீத் மறுக்கவில்லை. "பார்த்திருப்பீங்கண்ணா. அவங்கம்மாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு அஞ்சலி அட்டை அடிக்கணும்னாரு. நான்தான் எழுத்துக் கோத்துக் குடுத்தேன்."

"இங்க சம்பளம், அங்க சில்லறை வேலையாக்கும்?"

"அச்சகத்துக்காரனுக்கு நாலு பேரு தெரிஞ்சவங்க இருப்பாங்கண்ணா."

இதை நான் நம்பினேனா? பாதி. ஒழுங்காக வேலை செய்பவன் தப்பு செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்வான் என்று என் மனம் சொன்னது. முந்தின வருடம் குண்டுகள் வெடித்த இந்த ஊரில் அந்த வருடம் எல்லோருடைய மனமும் அப்படித்தான் இருந்தது. கோட்டைமேடு என்று முகவரி சொன்னால் இரண்டாவது கேள்வி வரும். என் மனம் தனியாகச் சுத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. 'மூன்று நோயாளிகளின் ஆவணங்கள் அழிக்கப்பட்டுள்ளன. கணினி இயக்குநர் மீது சந்தேகம் உள்ளது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பரீதின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் வேலையிலிருந்து நீக்கிப் போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவு. புகாரைத் தட்டச்சு செய்தே வைத்துவிட்டார் பொங்கியண்ணன். வேலை போவதை விட அந்தக் காகிதம் பெரியது. அந்த வருடம் அந்த முகவரியோடு ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று கமிட்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மீதி இருவரும் உயிரோடு இருந்ததால், டாக்டரை வரவழைத்து அவர்களுக்கு மருந்துச் சீட்டைப் புதிதாக எழுதிவிட்டேன். வெங்கடம்மாளுக்கு அப்படி எழுத முடியாது.

சனிக்கிழமை காலை பரீத் தன் மனைவி உம்மல் குல்சுமோடு வந்து கணினி அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சிஸ்டருங்க, நான் மிஷினைத் தொடமாட்டேன். நீங்க தொடுங்க. நான் சொல்றதை மட்டும் அடிங்க. நாலே வரி."

"என்ன நாலு வரி?"

"மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு கோப்புறையா நடந்து போய், உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள எத்தனை இருந்தாலும் நொழைஞ்சு, கண்ணுல பட்ட கோப்பை எல்லாம் முழு முகவரியோட சொல்லும். நம்ம பட்டியலு அறை வாசல்ல நின்னு எட்டிப் பார்க்கறதோட சரிங்க. உள்ளறைக்குப் போகாது."

பொங்கியண்ணனை அழைத்தேன். அவர் இல்லாமல் செய்தால் நாளைக்கு நானும் சேர்ந்து அழித்தேன் என்பார். பரீத் அந்த நாலு வரியை எழுதி வைத்திருந்த தாளை அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மிச்சத்தையும் அழிக்கற புரோகிராமா இருந்தா?"

நியாயமான கேள்வி. ஊசி போடும் முன் மருந்துக் குப்பியின் பெயரை உரக்கப் படிப்பது எங்கள் முறை. அதையே செய்தேன். "பாய், இதுல அழிக்கற சொல்லு எது?"

"இல்லீங்க. அழிக்கணும்னா 'அன்லிங்க்'னு ஒரு சொல் வேணும்." அதைத் தனித் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். "இது அதுல எங்கயாவது இருக்குதான்னு ஒவ்வொரு சொல்லா ஒத்துப் பாருங்க."

பார்த்தேன். இல்லை. பொங்கியண்ணனும் பார்த்தார். அவர் இரண்டு முறை.

"பாருங்க, பாருங்க," என்றார் உம்மல் குல்சும் வாசலிலிருந்து. "எங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவங்ககூட இவரை இத்தனை தடவை பார்க்கலை."

அடித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி. முதல் முறை மூன்றாவது வரியில் தப்பு என்று கணினி ஆங்கிலத்தில் திட்டியது. "பாத்தீங்களா, அப்பவே சொன்னேன்!" என்று பொங்கியண்ணன் எழுந்தே விட்டார். நான் ஒரு குறியை விட்டிருந்தேன். போட்டேன். மறுபடி ஓட்டினேன்.

வரிகள் கடகடவென்று இறங்கின. எண்ணினேன். நாற்பத்தொன்று.

பொங்கியண்ணன் விரலால் திரையைத் தொட்டார். "இங்க ஏழு பை ஒன்னு இருக்குதே! அப்பறம் எதுக்கு இத்தனை நாளா இல்லை இல்லைன்னீங்க?"

"சிஸ்டருங்க, அந்த வரியை ஒவ்வொண்ணாப் படிங்க," என்றார் பரீத். குரல் இறங்கியிருந்தது.

"ரூம்ஸ். கோடு. ஏழு. கோடு. ஒன்னு. கோடு. நூத்திப்பதினாலு." நூற்றிப்பதினான்கு வெங்கடம்மாளின் பதிவு எண்.

பரீத் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் இல்லத்தில் எட்டாம் எண் அறை கிடையாது. எட்டு ராசி இல்லை என்று கட்டிடம் கட்டிய புண்ணியவான் ஏழுக்கு அடுத்த அறைக்கு 7/1 என்று போட்டுவிட்டு ஒன்பதுக்குப் போய்விட்டார். தெருவில் கதவு எண் போடுவதுபோல. பித்தளைத் தகட்டில் அப்படித்தான் இருந்தது. நாங்களும் ஏழு பை ஒன்று என்றே சொல்லிப் பழகினோம். யாருக்கும் அதில் எதுவும் தோன்றியதில்லை.

"பழைய மிஷின்ல அந்தக் கோடு சும்மா ஒரு எழுத்துங்க," என்றார் பரீத். "அதுக்கு ரெண்டு புள்ளிதான் செவுரு. இதுக்கு அந்தக் கோடே செவுரு. 'ஏழு பை ஒன்னு'ன்னு ஒரு அறை கட்டுன்னு நான் சொன்னதை, ஏழாம் நம்பருக்குள்ள போய் ஒன்னுன்னு ஒரு உள்ளறை கட்டுன்னு எடுத்துக்கிச்சு. ஏழு ஏற்கெனவே இருந்துதுங்களா, மறுபேச்சு இல்லாமக் கட்டிப்போட்டுது. ஏழு இல்லாம இருந்திருந்தா அன்னைக்கே தகராறு பண்ணியிருக்கும்."

"அப்ப தப்பு யாருது?" என்றார் பொங்கியண்ணன்.

"என்றதுதானுங்க. நடுவுல போடற குறியைப் பத்தித்தான் யோசிச்சேன். அறையோட பேருக்குள்ளயே அந்தக் குறி இருக்கும்னு யோசிக்கலை. ரெண்டு மிஷினுக்கும் பொதுவா ஓடணும்னா பேரும் ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும்."

"எட்டுன்னே வெச்சிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காதுங்கண்ணா."

பொங்கியண்ணன் எட்டைப் பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை.

நூற்றிப்பதினான்கைத் திறந்து அச்சடித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: சேர்க்கை நாள், முதுகில் புண், அளவு, கூட வந்தவர் பெயர் திருமூர்த்தி. திங்கட்கிழமை அவர் அதைப் படித்தார். "நான் அப்ப கவனிக்கலீங்க" என்றார். போய்விட்டார்.

அன்றே கமிட்டி கூடியது. புகாரைப் பொங்கியண்ணன் எல்லோர் முன்பும் கிழித்தார். சாவியை மேசைமேல் வைத்து, "எடுத்துக்குங்க பாய், நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார். முடிந்தது என்று எல்லோரும் நாற்காலியை நகர்த்தினார்கள்.

பரீத் சாவியை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை புஸ்தகத்துல எழுதினது இருக்குதுங்களே."

"அதை அடிச்சுட்டாப் போச்சு."

"அடிக்காதீங்கண்ணா. நாளைக்கு யாராவது தொறந்து பார்த்தா, என்னமோ இருந்துது, எவனோ அழிச்சுட்டான்னுதான் தோணும். அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்குக் கீழயே இதையும் எழுதுங்க."

பொங்கியண்ணன் என்னைப் பார்த்தார். "எழுதுங்க," என்றேன். "புண்ணு ஆறினாலும் ஆறின தேதியை நாங்க எழுதறோமில்ல."

அவர் பேனாவைத் திறந்தார். 'மேற்கண்ட மூன்று ஆவணங்களும் கணினியிலேயே இருந்தன. யாரும் அழிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். கமிட்டியில் இருந்த மற்ற நால்வரும் போட்டார்கள். ஒருவர் மட்டும், இவ்வளவு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

பரீத் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அச்சுப்பிழை பார்ப்பவர்போல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"தேதி போடலீங்களே," என்றார்.

பொங்கியண்ணன் தேதியைப் போட்டார். அதன் பிறகுதான் பரீத் சாவியை எடுத்தார்.