பத்மாவதி மாமியின் லைசென்ஸ்

1997 ஜூன் 11, புதன்கிழமை ஸ்ரீஸ்கந்தராசா மாமா கனடாவுக்குப் புறப்பட்டார். விமான நிலையத்துக்கு வான் வண்டி கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி அவர் மாமியிடம் கடைசியாகச் சொன்னது பழைய மொறிஸ் மைனரைப் பற்றித்தான்.

“செப்டம்பரில தம்பி நாகேந்திரம் வந்து காரை விப்பான். சாவியைக் குடும். ஓட ஆளில்லாம என்னத்துக்கு?”

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள், நாலு கார்கள். ஆண்களிடம் பதின்மூன்று லைசென்ஸ்கள் இருந்தன. கார் இல்லாத யாழ்ப்பாணத்து ஆண்களும் எடுத்து வைத்திருந்தார்கள். சோதனைச் சாவடியில் காட்ட இன்னொரு அத்தாட்சி. பெண்களில் ஒரு டொக்டர், இரண்டு கணக்காளர்கள் இருந்தும் லைசென்ஸ் ஒன்றே ஒன்றுதான். அது ஏழாம் வீட்டு மர்லியாவுடையது. மற்றப் பெண்களை யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தட்டச்சு ஆசிரியையான பத்மாவதி மாமி மறுநாளே கேட்டார்.

“மர்லியா, எனக்குக் கார் பழக்கிவிடுறீரோ?”

“அல்லாஹ்! உங்கட மாப்புள போய் ஒரு நாள்தானே!”

“அவர் இருந்தா பக்கத்தில இருந்து கத்துவார்.”

விடியமுன் ஐந்து மணிக்குக் காலி வீதியில் பழக்கம். பம்பலப்பிட்டி போய்ச் சேருவதற்குள் மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் மர்லியா ஓதுவார்: “கிளச். பிரேக். உள் லைட்டப் போடுங்கொ. கண்ணாடிய எறக்குங்கொ. ஐடென்டிட்டி.” மாமியின் விரல்கள் அதை ஒரே வரியாகப் பழகிக்கொண்டன.

ஓகஸ்ட் கடைசியில் நாகேந்திரம் வந்தார்.

“அண்ணி, கார் ஓடுறது டைப் அடிக்கிற மாதிரியில்லை. பிழைச்சா அழிக்கேலாது. திங்கக்கிழமை வாங்கிற ஆளோட வாறன்.”

“வெள்ளிக்கிழமை எனக்குச் சோதினை. பெயிலெண்டா சாவியைத் தாறன்.”

வெள்ளிக்கிழமை பத்து மணி. பக்கத்தில் பருத்த சிங்களப் பரிசோதகர். கைகாட்டினார், மாமி திருப்பினார். எல்லாம் ஒழுங்காகவே போனது. ஒரு வங்கி வாசலில் மண்மூட்டைகள் தெரிந்தன. பின்னால் ஓர் ஆமிக்காரன். மாமி நிறுத்தினார். பட்டப்பகலில் உள் லைட்டைப் போட்டார். கண்ணாடியை இறக்கி அடையாள அட்டையை நீட்டினார்.

அது சோதனைச் சாவடியே இல்லை. சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆமிக்காரன் திகைத்துப் பார்த்தான்.

கார் கையைவிட்டுப் போய்விட்டது என்றே மாமி நினைத்தார். மெல்லத் திரும்பினால், பரிசோதகரின் கையிலும் அடையாள அட்டை, ஜன்னலை நோக்கி நீட்டியபடி.



“யன்ன, யன்ன,” என்று ஆமிக்காரன் சோற்றுக் கையால் போகச் சொன்னான்.

பரிசோதகர் அட்டையைச் சட்டைப்பைக்குள் அவசரமாகத் திணித்தார். பிரேக் பிடித்த விதம் நல்லது என்று சிங்களத்தில் முணுமுணுத்து, தாளில் ‘பாஸ்’ என்று எழுதினார்.

திங்கட்கிழமை காரை வாங்க வந்தவரையும் நாகேந்திரத்தையும் மாமியே அதே காரில் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். நாகேந்திரம் வழி முழுக்கக் கதவுக் கைப்பிடியை விடவில்லையாம்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு 2001இல் திரும்பிய வாரம், சந்தியில் போன் எடுக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு, மாமியின் பேருக்கு மாமாவின் ஃபாக்ஸ் வந்திருந்தது:

“விசா சரி. கெதியா வெளிக்கிடும். லைசென்ஸை மறக்காமல் கொண்டுவாரும். நான் இங்கே மூன்று தரம் பெயில். பனிக்குள் பஸ்ஸுக்கு நிக்கேலாது.”